பனிப்புயல்னா எது? ஸ்னோ, ப்ளிசர்ட், ஸ்குவால், ஃப்ரீசிங் ரெயின் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோல ஸ்கார்பரோ பக்கம் இருக்கேன், வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு ஜனவரியும் ஊர்ல இருந்து அம்மா போன் வரும், "டிவில காட்டுறான், அங்க பனிப்புயலாமே, வெளிய கிளிய போகாத"ன்னு. அன்னிக்கு பாத்தா இங்க 5 செ.மீ. ஸ்னோ விழுந்திருக்கும், பசங்க ஸ்கூலுக்கு போயிட்டு வந்து ஹோம்வொர்க் பண்ணிட்டிருப்பாங்க. இன்னொரு நாள் நெஜமாவே ரோட்டுல இறங்கினா ஆபத்துங்கற மாதிரி இருக்கும், அன்னிக்கு அம்மாகிட்ட இருந்து போனே வராது, ஏன்னா டிவில காட்டுறதுக்கு வெள்ளையா ஒண்ணும் விழுந்திருக்காது. அம்மா மட்டும் இல்ல, புதுசா படிக்க வர்ற பசங்களும் இதையே தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை போச்சு, அதான் மொத்தமா எழுதி வைக்கிறேன்.

பனிப்புயல்னா ப்ளிசர்ட் தானே?

நம்ம பேப்பர்ல ஆமா, இங்க இல்ல. நம்ம ஊர் நியூஸ்ல ஸ்னோ விழுந்தாலும் பனிப்புயல், ஐஸ் மழை பேஞ்சாலும் பனிப்புயல், சும்மா குளுரா இருந்தாலும் "பனிப்புயலில் உறைந்த அமெரிக்கா". ஆனா யோசிச்சு பாருங்க, நம்மளே நம்ம புயல எப்படி பேசுறோம்? காற்றழுத்த தாழ்வு நிலை வேற, தாழ்வு மண்டலம் வேற, ஆழ்ந்த தாழ்வு மண்டலம் வேற, காத்து 62 கி.மீ. தொட்டா தான் புயல்னு பேரு, அதுக்கு மேல தீவிர புயல். ரமணன் சார் டிவில வந்த காலத்துலயே இதெல்லாம் சின்ன பசங்களுக்கு கூட மனப்பாடம், ஸ்கூல் லீவு அதுல தானே இருந்துச்சு. அதே மாதிரி தான் இங்கயும், ப்ளிசர்ட்ங்கறதுக்கு கணக்கு இருக்கு.

கனடா வானிலைத் துறை கணக்குப்படி காத்து மணிக்கு 40 கி.மீ. இல்ல அதுக்கு மேல அடிக்கணும், பறக்குற ஸ்னோவால 400 மீட்டருக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியக்கூடாது, இது ரெண்டும் சேர்ந்து குறைஞ்சது 4 மணி நேரம் நிக்கணும். அமெரிக்கால காத்து 35 மைல், அதாவது 56 கி.மீ. சுமார், பார்வை கால் மைல், நேரம் 3 மணி. இதுல ஒண்ணு கவனிச்சீங்களா, எத்தன செ.மீ. ஸ்னோ விழணும்னு எங்கயுமே சொல்லல. அமைதியா ராத்திரி பூரா 40 செ.மீ. கொட்டினாலும் அது ப்ளிசர்ட் இல்ல, பெரிய ஸ்னோஃபால், அவ்ளோ தான். காலைல எந்திரிச்சு தள்ளணும், முதுகு போகும், வேற ஒண்ணும் இல்ல.

அப்ப ஸ்னோவே விழாம ப்ளிசர்ட் வருமா?

வரும். கிரௌண்ட் ப்ளிசர்ட்னு அதுக்கு பேரு. தூத்துக்குடி பக்கம் தேரிக்காடு பாத்திருக்கீங்களா, ஆடி மாசம் காத்துல செம்மண் கிளம்பி கண்ணத் தொறக்க முடியாது, மண்ணு வானத்துலேர்ந்தா விழுது, தரைல கெடந்தது தானே கிளம்புது, அதே தான். ஏற்கனவே விழுந்து கெடக்குற காஞ்ச பவுடர் மாதிரி ஸ்னோவ காத்து கிளப்பி விடும், மேல நிமிந்து பாத்தா நீல வானம் கூட தெரியும், ஆனா முன்னாடி நிக்கிற வண்டி தெரியாது.

இதுக்கு பேர் போனது 1977 ஜனவரி 28, அமெரிக்கால பஃபலோ நகரம். அந்த வருஷம் ஈரீ ஏரி சீக்கிரமே உறைஞ்சு போச்சு, அது மேல வாரக்கணக்கா விழுந்த ஸ்னோ அப்படியே பவுடரா கெடந்துச்சு, அன்னிக்கு காத்து கிளம்பினதும் ஏரி மேல இருந்த அம்புட்டையும் அள்ளிட்டு வந்து ஊருக்குள்ள கொட்டிடுச்சு. புதுசா வானத்துலேர்ந்து விழுந்தது என்னமோ ஒரு அடி சுமாருக்கு தான். வீடு கூரை வரைக்கும் ஸ்னோ ஏறிக் கெடந்த போட்டோ எல்லாம் பாத்திருப்பீங்க, அது முக்காவாசி ஏரிலேர்ந்து வந்த சரக்கு. கியூபெக்ல பிரெஞ்சு பேசுறவங்க இப்படி பறக்குற ஸ்னோக்கு பூத்ரரீன்னு தனிச் சொல்லே வச்சிருக்காங்க, பூத்ருன்னா பவுடர். எனக்கு தெரிஞ்சு இருக்குறதுலயே சரியான சொல் அது தான்.

அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?

ப்ளிசர்ட்னா முன்னாடி ஓங்கி ஒரு அடி, துப்பாக்கி வேட்டு, அந்த மாதிரி அர்த்தம். 1870ல ஐயோவா மாநிலத்துல ஒரு சின்ன ஊர் பத்திரிகை பெரிய ஸ்னோ காத்துக்கு அந்த வார்த்தைய போட்டுச்சு, அப்படியே ஒட்டிக்கிச்சு. 1888ல ரெண்டு பெரிய ப்ளிசர்ட் அடிச்சதுல நாடு பூரா பரவிடுச்சு. அந்த ஜனவரி 12ம் தேதி டகோட்டா, நெப்ராஸ்கா பக்கம் அடிச்சத பத்தி படிச்சா இப்பவும் வயித்த கலக்கும், காலைல இதமா இருந்துச்சுன்னு பசங்க ஸ்வெட்டர் கூட சரியா போடாம பள்ளிக்கூடம் போயிட்டாங்க, மத்தியானம் சுவர் மாதிரி வந்து அடிச்சுது, 235 பேர் செத்ததா சொல்றாங்க, அதுல நிறைய பேர் வீட்டுக்கு நடந்து வந்த குழந்தைங்க. மார்ச்ல நியூயார்க்ல அடிச்சது இன்னொண்ணு, தந்தி கம்பி எல்லாம் அறுந்து தொங்கி ஊரே நின்னு போச்சு, கம்பிகள மண்ணுக்குள்ள புதைக்கணும்னு அதுக்கப்புறம் தான் முனைப்பா இறங்கினாங்க.

வைட்அவுட்னா என்ன? மார்கழி மூடுபனி மாதிரியா?

மூடுபனில நீங்க மெதுவா போகலாம், முன்னாடி போற லாரியோட செவப்பு லைட் மங்கலா தெரியும். வைட்அவுட்ல ரோடும் வானமும் ஒரே நிறம், எது மேல எது கீழன்னே தெரியாது.

எனக்கு நடந்தத சொல்றேன். ஹைவே 400ல பாரிங்கற ஊர தாண்டி வடக்க போயிட்டிருக்கோம், வெயில் அடிக்குது, பாட்டு ஓடுது, என் வீட்டுக்காரி முறுக்கு டப்பாவ தொறந்துட்டு இருக்கா. எதிர்ல ரோட்டுக்கு குறுக்க வெள்ளைத் துணி கட்டி தொங்க விட்ட மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது, என்னங்க அதுன்னு அவ கேட்டு முடிக்கல, உள்ள போயிட்டோம். என் வண்டி பானட் தெரியல. பிரேக் போட்டா பின்னாடி வர்றவன் இடிப்பான், போடலேன்னா முன்னாடி நிக்கிறவன நான் இடிப்பேன், ஹசார்ட் லைட்ட போட்டுட்டு ஊர்ந்தேன், ஸ்டியரிங்க புடிச்ச கைல வலி தெரிஞ்சது வெளிய வந்த அப்புறம் தான். மொத்தமே மூணு நாலு நிமிஷம் இருக்கும். வெளிய வந்தா திரும்ப வெயில். ரோட்டோரம் ரெண்டு கார் பள்ளத்துல. முறுக்கு டப்பா அவ மடியில தொறந்தபடியே இருந்துச்சு, ஒருத்தரும் எடுக்கல.

அது ப்ளிசர்ட் இல்ல, நாலு மணி நேரம் இல்லல்ல. அது ஸ்னோ ஸ்குவால், திடீர்னு கிளம்பி பட்டையா அடிச்சுட்டு போற ஸ்னோ காத்து.

ஸ்குவால், லேக் எஃபெக்ட்னு சொல்றாங்களே?

டிசம்பர்ல ஏரித் தண்ணி இன்னும் உறைஞ்சிருக்காது, மேல வர்ற வடக்கத்திக் காத்து மைனஸ் பத்து, பதினஞ்சுல இருக்கும். குளுருல இட்லி சட்டிய தொறந்தா எப்படி குப்புன்னு ஆவி கிளம்புது, ஏரி மேல அது தான் நடக்குது, அந்த ஈரத்த காத்து தூக்கிட்டு போயி கரை ஏறினதும் ஸ்னோவா கொட்டிடும். ஏரியோட நீளத்துக்கு காத்து ஓடி வந்தா சரக்கு ஜாஸ்தி, குறுக்க வந்தா கம்மி. அதனால ஹியூரான் ஏரி, ஜார்ஜியன் விரிகுடாவுக்கு கிழக்க இருக்கிற ஊருங்க, ஈரீ ஏரி முனைல இருக்கிற பஃபலோ, இவங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் இது தான் பொழப்பு.

இதுல வேடிக்கை என்னன்னா இது பட்டை பட்டையா வரும். தெருவுக்கு இந்தப் பக்கம் மழை அந்தப் பக்கம் வெயில்னு ஊர்ல சொல்லுவோமே, அதே கதை. 2022 நவம்பர்ல பஃபலோக்கு தெக்க ஆர்ச்சர்ட் பார்க்ல நாலு நாளுக்குள்ள 80 இஞ்ச், அதாவது 2 மீட்டர், கொட்டுச்சு, கொஞ்சம் வடக்க போனா அதுல ஒரு துளி பங்கு தான். ஒரு மாசம் கழிச்சு கிறிஸ்துமஸ் சமயம் பஃபலோல வந்தது தான் நெஜ ப்ளிசர்ட், 37 மணி நேரம் விடாம அடிச்சுது, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் அதுங்களே நடுரோட்டுல மாட்டிக்கிச்சு, 40 பேருக்கு மேல போயிட்டாங்க, சில பேர் காருக்குள்ளயே. நவம்பர்ல விழுந்த ஸ்னோ அதிகம், டிசம்பர்ல செத்தவங்க அதிகம். அம்மாவுக்கு இந்த ஒரு உதாரணத்த சொன்னதுக்கு அப்புறம் தான் "எத்தன அடி"ன்னு கேக்குறத விட்டுட்டு "காத்து இருக்கா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

ஃப்ரீசிங் ரெயின், ஐஸ் பெல்லட்ஸ், ஸ்லீட், ஆலங்கட்டி – எல்லாம் ஒண்ணு தானே?

இல்லவே இல்ல, இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா மத்தத விட்டுடலாம் கூட.

மேகத்துலேர்ந்து கிளம்பும்போது எல்லாமே ஸ்னோ தான்னு வச்சுக்கங்க. வழி பூரா குளுரா இருந்தா ஸ்னோவாவே தரைக்கு வரும். நடுவுல ஒரு சூடான காத்து அடுக்கு இருந்தா உருகி தண்ணியாயிடும், அதுக்கு கீழ திரும்ப குளுர் அடுக்கு கனமா இருந்தா விழுற வழிலயே உறைஞ்சு ஜவ்வரிசி மாதிரி குட்டி குட்டி ஐஸ் உருண்டையா விழும், அது ஐஸ் பெல்லட்ஸ், அமெரிக்காகாரன் ஸ்லீட்ம்பான். இங்கிலாந்துல ஸ்லீட்னா வேற, மழையும் ஸ்னோவும் கலந்து விழுறது, லண்டன்ல இருக்கிற மச்சானோட இத பத்தி ஒரு சண்டையே நடந்திருக்கு. அந்தக் கீழ் அடுக்கு மெல்லிசா இருந்தா உறைய நேரம் இருக்காது, தண்ணியாவே வந்து எத தொடுதோ அது மேல அந்த நொடியே ஐஸா ஒட்டிக்கும். அது தான் ஃப்ரீசிங் ரெயின். ஆலங்கட்டி இது எதுவுமே இல்ல, அது இடி மேகத்துல மேல கீழ தூக்கிப் போட்டு உருட்டின ஐஸ், நம்ம ஊர்ல சித்திரை கோடை மழைல விழுமே அது, இங்கயும் பெரும்பாலும் வெயில் காலத்து சமாச்சாரம்.

ஃப்ரீசிங் ரெயின் ஜன்னல் வழியா பாத்தா சாதாரண மழை. தெர்மாமீட்டர் மைனஸ் ஒண்ணு காட்டும், அவ்ளோ தான், ஊட்டில கூட அவ்ளோ குளுர் உண்டு. நான் வந்த மொத வருஷம் அப்படி ஒரு நாள், மழை தானேன்னு குடைய எடுத்துட்டு கிளம்பினேன், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கதவத் தொறந்து, "தம்பி, உந்த மழையை நம்பாதேங்கோ, சினோ எண்டால் தள்ளலாம், ஐஸ் எண்டால் ஒண்டும் செய்யேலாது" அப்படின்னாங்க. சிரிச்சுட்டு படி இறங்கினேன், மூணு படி, மூணாவதுல நான் இல்ல. குடை மேல கண்ணாடி ஓடு மாதிரி படிஞ்சிருந்துச்சு, மடக்கினா கட்டு கட்டா ஒடஞ்சு விழுது. கார் கதவு இடுக்குல ரப்பரோட சேர்த்து ஒட்டிக்கிச்சு, தொறக்க வரல. அந்த அக்கா இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம், அந்தம்மா சொன்ன ஒரு வரி தான் நான் இவ்ளோ நேரம் எழுதுறதுக்கு சுருக்கம்.

பெரிய அளவுல வந்தா என்னாகும்ங்கறதுக்கு 1998 ஜனவரி கியூபெக். ஒரு வாரம் விட்டு விட்டு ஃப்ரீசிங் ரெயின், மான்ட்ரியாலுக்கு தெக்க சில இடத்துல 100 மி.மீ. வரைக்கும். கம்பி மேல ஐஸ் ஏறி ஏறி கை தண்டி ஆயிடுச்சு, கனம் தாங்காம ஹை டென்ஷன் டவர் ஆயிரம் வரைக்கும் மடங்கி விழுந்துச்சு, மரக் கம்பம் பல ஆயிரம். பத்து லட்சம் வீட்டுக்கு மேல கரண்ட் இல்ல, சில ஊர்ல ஒரு மாசம் வரைக்கும் வரல, ராணுவத்த எறக்கினாங்க. அந்த இருட்டா கெடந்த பகுதிக்கு கருப்பு முக்கோணம்னே பேர் வந்துடுச்சு. டொராண்டோவுக்கு 2013 டிசம்பர் 21, 22ல வந்துச்சு, 3 லட்சம் இணைப்புக்கு கரண்ட் போச்சு, நிறைய வீட்டுல கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தில தான். இங்க கரண்ட் போனா ஃபேன் ஓடாதுங்கறது மட்டும் இல்ல, ஹீட்டர் நிக்கும், ரெண்டு நாள்ல வீட்டுக்குள்ள தண்ணி பைப் உறைஞ்சு வெடிக்கும். அந்த மாதிரி நேரத்துல குளுருதுன்னு பார்பிக்யூ அடுப்ப வீட்டுக்குள்ள பத்த வச்சுடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே முடிச்சுடும்.

ப்ளாக் ஐஸ்னா கருப்பா இருக்குமா?

கருப்பா இருக்காது, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அடில இருக்கிற தார் ரோடு தெரியுறதால கருப்பு. ஈரமா இருக்கிற ரோடுன்னு தான் நினைப்பீங்க. பாலத்து மேல மொதல்ல வரும், ஏன்னா அங்க அடிலயும் குளுர் காத்து. ரோட்டுக்கு உப்பு போடுறது இதுக்கு தான், ஆனா மைனஸ் பத்து, பன்னெண்டுக்கு கீழ போனா சாதா உப்பு சரியா வேலை செய்யாது, டொராண்டோல ரொம்ப குளுரான நாள்ல சுகர் பீட் ஜூஸ் கலந்த உப்புத் தண்ணிய அடிப்பாங்க. உங்க ஷூ எல்லாம் வெள்ளையா பூத்துப் போறது ஸ்னோவால இல்ல, அந்த உப்பால.

விண்ட் சில் மைனஸ் 30னு போட்டா அது நெஜ குளுரா?

தெர்மாமீட்டர்ல இருக்காது, உங்க கன்னத்துல இருக்கும். உடம்ப சுத்தி ஒரு மெல்லிசான சூடு காத்து ஒட்டிட்டு இருக்கும், காத்தடிச்சா அத உரிச்சு எடுத்துடும், சூடா இருக்கிற டீய ஊதி ஆத்துற மாதிரி. மைனஸ் 10ல 30 கி.மீ. காத்து அடிச்சா விண்ட் சில் மைனஸ் 20. கார் எஞ்சினுக்கு அது மைனஸ் 10 தான், ஏன்னா காத்து எவ்ளோ அடிச்சாலும் உயிர் இல்லாத பொருள் மைனஸ் 10க்கு கீழ போகாது, என்ன, சீக்கிரம் அங்க போய் சேரும்.

இந்தக் கணக்க மொதல்ல போட்டது அண்டார்டிக்கால சைப்பிள், பாசல்னு ரெண்டு பேர், 1940கள்ல, பிளாஸ்டிக் குழாய்ல தண்ணி ஊத்தி வெளிய தொங்க விட்டு எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாத்தாங்க. மனுஷன் பிளாஸ்டிக் குழாய் இல்லியே, அதனால 2001ல கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து மாத்தினாங்க, இதே டொராண்டோல 12 பேர குளுர் காத்து அடிக்கிற கூண்டுக்குள்ள டிரெட்மில்ல நடக்க விட்டு மூஞ்சில சென்சார் ஒட்டி அளந்தாங்க. யாரு பெத்த புள்ளைங்களோ. நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது: மைனஸ் 28க்கு கீழ போனா மூடாத தோல் 10லேர்ந்து 30 நிமிஷத்துல உறையும், மைனஸ் 40க்கு கீழ 5லேர்ந்து 10 நிமிஷம். மூக்கு நுனி, காது, விரல் நுனி இது தான் மொதல்ல. வலிச்சிட்டே இருந்து திடீர்னு வலி நின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உள்ள ஓடுங்க. 2022 ஜனவரில மானிடோபா எல்லைல எமர்சன் பக்கம் ராத்திரி நடந்தே அமெரிக்காவுக்குள்ள போக கிளம்பின குஜராத்தி குடும்பம் ஒண்ணு, ரெண்டு சின்னக் குழந்தைங்களோட, அப்படியே உறைஞ்சு போயி கெடந்தாங்க. எல்லைலேர்ந்து கொஞ்ச தூரம் தான்.

பாம் சைக்ளோன், போலார் வோர்டெக்ஸ், நார்ஈஸ்டர் – இதெல்லாம் டிவிகாரன் கட்டி விடுறதா?

பாதி. பாம் சைக்ளோன் நெஜ வார்த்தை, சாண்டர்ஸ், கியாக்கம்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1980ல எழுதின கட்டுரைலேர்ந்து வந்தது, காற்றழுத்தம் 24 மணி நேரத்துல 24 மில்லிபார் எறங்கினா அந்தப் பேரு, இடத்துக்கு தகுந்த மாதிரி கணக்கு கொஞ்சம் மாறும். நம்ம ஊர்ல "அதிவேகமாக வலுப்பெற்றது"ன்னு சொல்லுவாங்களே, அது தான், பாம்னு சொன்னா டிவிக்கு நல்லா இருக்கு. போலார் வோர்டெக்ஸ்ங்கறது குளுர் காத்துச் சுழல், ஒவ்வொரு குளுர் காலத்துலயும் வட துருவத்துக்கு மேல ரொம்ப உயரத்துல சுத்திட்டு தான் இருக்கு, அது புயலே இல்ல, பலவீனமாகி ஆட்டம் கண்டா துருவத்து குளுர் தெக்க வழிஞ்சு வரும். 2014 ஜனவரில டிவிகாரங்க கண்டுபுடிச்ச மாதிரி ஆரம்பிச்சாங்க, இன்னும் விடல.

நார்ஈஸ்டர்ல மட்டும் நம்ம ஆளுங்களுக்கு குழப்பம், வடகிழக்க இருந்து வர்ற புயலான்னு. புயல் அமெரிக்கக் கிழக்குக் கரைய ஒட்டி தெக்கேர்ந்து தான் ஏறி வரும், கரைல நிக்கிறவன் மூஞ்சில வடகிழக்குக் காத்து அடிக்கும், அதான் பேரு. கடல்காரங்க எங்கயும் ஒரே மாதிரி தான் போல, நம்ம ஊர்லயும் வாடை, கொண்டல், சோளகம்னு காத்து எந்தத் திசைலேர்ந்து அடிக்குதோ அத வச்சு தானே பேரு.

இதுல சேராத இன்னொரு ரகம் ஸ்னோமகெடான், ஸ்னோபோகலிப்ஸ். 2010 பிப்ரவரில வாஷிங்டன்ல கொட்டினப்ப ஒபாமாவே ஸ்னோமகெடான்னு சொன்னாரு. கனடால அந்தப் பேர சொன்னா நியூஃபவுண்ட்லாந்து தான் ஞாபகம் வரும், 2020 ஜனவரி 17, செயின்ட் ஜான்ஸ்ல ஒரே நாள்ல 76 செ.மீ., கதவத் தொறந்தா வெள்ளைச் சுவர், எட்டு நாள் ஊரடங்கு மாதிரி கடை கண்ணி எல்லாம் மூடல், ராணுவம் வந்து தள்ளுச்சு. ரெண்டு மாசத்துல கொரோனா வந்துச்சு, பாவம், அந்த ஊர்க்காரங்களுக்கு லாக்டவுன் ரிகர்சல் ஆயிடுச்சு.

நம்ம புயல் மாதிரி இதுக்கும் பேர் வைப்பாங்களா?

கனடா வைக்காது, அமெரிக்க அரசும் வைக்காது, 2012லேர்ந்து அங்க ஒரு டிவி சேனல் தானா வச்சுட்டு இருக்கு. பிரிட்டனும் அயர்லாந்தும் 2015லேர்ந்து வைக்கிறாங்க.

எஸ்கிமோ மொழில ஸ்னோவுக்கு நூறு சொல் இருக்காமே, தமிழ்ல ஏன் ஒண்ணு தான்?

வாட்ஸ்அப்ல சுத்துற கதை. 1911ல போவாஸ்னு ஒரு மானுடவியல் அறிஞர் நாலு வேர்ச்சொல் எழுதி வச்சாரு, தரைல கெடக்குற ஸ்னோ ஒண்ணு, விழுற ஸ்னோ ஒண்ணு, காத்துல ஓடுறது ஒண்ணு, குவிஞ்சது ஒண்ணு. அப்புறம் எழுதினவன் ஏழாக்கினான், அடுத்தவன் ஐம்பதாக்கினான், இப்ப நூறுல நிக்குது. இன்யூட் மொழிங்க நம்ம மொழி மாதிரி ஒட்டு மேல ஒட்டு போடுற மொழி. நம்ம "வா"வ வச்சு வந்தான், வந்துட்டான், வந்துட்டிருந்தவனுக்கு, வராதவங்களையுமான்னு போயிட்டே இருக்கலாம், வெள்ளைக்காரன் ஒருத்தன் உக்காந்து எண்ணி தமிழனுக்கு வர்றதுக்கு மட்டும் ரெண்டாயிரம் சொல்லுன்னு எழுதினா எப்படி இருக்கும், அது மாதிரி தான் இது.

அதே சமயம் தமிழ்ல ஒண்ணு தான்னு யாரு சொன்னது? நமக்கு பனின்னா மொதல்ல புல்லு மேல நிக்கிறது, மார்கழில தலைல எறங்குறது. வருஷத்துல நாலு மாசத்துக்கு முன்பனி, பின்பனின்னே பேர் வச்ச ஆளுங்க நாம. தைப் பனி தரையத் துளைக்கும், மாசிப் பனி மச்சத் துளைக்கும்பாங்க எங்க ஆச்சி, அந்த வயசுல சிரிப்பு வரும். ஊட்டில போயி கேளுங்க, நீர்ப்பனி மொதல்ல வரும், அப்புறம் உறைபனி, தேயிலை கருகுறது ரெண்டாவதுலன்னு வெவரமா சொல்லுவாங்க. வானத்துலேர்ந்து வெள்ளையா கொட்டுறத நாம பாத்ததில்ல, பாக்காததுக்கு சொல் எதுக்கு. இங்க வந்தவங்க ஸ்னோ, சினோன்னு அப்படியே எடுத்துக்கிட்டாங்க, "ஸ்னோ கொட்டுது"ன்னா கொட்டுறதுங்கற வினையே அளவ சொல்லிடுது. லேசா இருந்தா "தூவுது", வானிலைக்காரன் ஃப்ளர்ரீஸ்னு சொல்றது அதத் தான். உருகி சேறானா ஸ்லஷ், எங்க வீட்டுல அதுக்கு பேரு "கூழு".

வாட்ச், வார்னிங் – எதுக்கு பயப்படணும்?

வாட்ச்னா வரலாம், வார்னிங்னா வந்துட்டு இருக்கு இல்ல வந்தாச்சு. 2025 நவம்பர்லேர்ந்து கனடால மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு கலரும் சேர்த்திருக்காங்க, நம்ம ஊர் அலர்ட் மாதிரியே. ஆனா கலர மட்டும் பாத்துட்டு போனை வைக்காதீங்க, அதுக்கு பக்கத்துல எந்த வார்த்தைன்னு பாருங்க. ஸ்னோஃபால்னு இருந்தா ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க. ஸ்குவால்னு இருந்தா டவுனுக்குள்ள ஓகே, ஹைவே வேண்டாம். ஃப்ரீசிங் ரெயின்னா போனுக்கு சார்ஜ் போட்டு வச்சுட்டு வீட்டுல இருங்க. ப்ளிசர்ட்னா ஆபீஸ்ல யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க.

கார்ல போய் மாட்டிக்கிட்டா?

கார விட்டு எறங்கி நடக்காதீங்க, பக்கத்துல தான் லைட் தெரியுதேன்னு நடந்தவங்க தான் செத்திருக்காங்க. உள்ளயே இருங்க. எஞ்சின மணிக்கு ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டா போதும், ஆனா ஒவ்வொரு தடவையும் ஓட விடுறதுக்கு முன்னாடி எறங்கி பின்னாடி சைலன்சர் குழாய் வாயில ஸ்னோ அடைச்சிருக்கான்னு பாத்து தட்டி விடுங்க, அடைச்சிருந்தா புகை உங்களுக்கு தான் வரும். ஜன்னல கொஞ்சம் எறக்கி வைங்க. டிக்கில ஒரு போர்வை, சின்ன சவல், தண்ணி, முறுக்கு. முறுக்க சும்மா சொல்லல, பிஸ்கட்ட விட நல்லா தாங்கும்.

டயர் பத்தி ஒண்ணு: ஆல் சீசன் டயர் இருக்கு போதும்னு விக்கிறவன் சொல்லுவான், 7 டிகிரிக்கு கீழ போனா அந்த ரப்பர் வெறச்சு போயிடும். கியூபெக்ல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் போட்டே ஆகணும்னு சட்டம். ஒன்டாரியோல சட்டம் இல்ல, அதனால நம்ம ஆளுங்க மொத வருஷம் போட மாட்டாங்க, ரெண்டாவது வருஷம் போடுவாங்க.

ஸ்னோ தள்ளுறது ஈஸியா?

வீடியோல ஈஸி. விடியக்காலைல எந்திரிச்சு வாசல சுத்தமா தள்ளி முடிச்சு காபி போட உள்ள போவீங்க, அப்ப தான் மாநகராட்சி வண்டி வந்து தெரு பூரா வழிச்சு உங்க டிரைவ்வே வாசல்ல முட்டி உயரத்துக்கு கட்டிட்டு போகும். விண்ட்ரோன்னு பேரு. அது பஞ்சு இல்ல, உப்பும் கூழும் கலந்து கல்லு மாதிரி எறுகினது. நாப்பது தாண்டினவங்க தயவு செஞ்சு நிதானமா தள்ளுங்க, குளுருல ரத்தக் குழாய் சுருங்கி இருக்கும், மூச்சப் புடிச்சுட்டு கனத்த தூக்கினா நெஞ்சுல தான் போய் நிக்கும், ஒவ்வொரு பெரிய ஸ்னோவுக்கும் இப்படி சாவு விழுது. தூக்காம தள்ளுங்க, அதான் தமிழ்லயே "தள்ளுறது"ன்னு சொல்றோம்.

டொராண்டோகாரங்க சும்மா பதறுவாங்கன்னு மத்த ஊர்க்காரங்க கிண்டல் பண்றாங்களே, ஏன்?

1999 ஜனவரில ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு மீட்டருக்கு மேல கொட்டினப்ப அப்ப இருந்த மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்த கூப்பிட்டாரு. அத இருபத்தஞ்சு வருஷம் கழிச்சும் வினிபெக்காரன், மான்ட்ரியால்காரன் சொல்லி சொல்லி சிரிக்கிறான். எனக்கென்னமோ அவர் செஞ்சது தப்பா தெரியல.

இதெல்லாம் எப்ப முடியும்?

காலண்டர்ல மார்ச் 20. நெஜத்துல ஏப்ரல்லயும் ஒரு தடவை வந்துட்டு தான் போகும், 2018 ஏப்ரல் நடுவுல புத்தாண்டுக்கு பட்டு வேட்டி கட்டிட்டு கோயிலுக்கு கிளம்பினா வெளிய ஐஸ் பெல்லட்ஸ் சடசடன்னு கொட்டுது, வேட்டிக்கு உள்ள தெர்மல் போட்டுட்டு போனேன். மால் பார்க்கிங்ல வாரிக் குவிச்ச மலை மட்டும் கரி பிடிச்சு கருப்பா மே வரைக்கும் நிக்கும், எங்க ஏரியால அதுக்குள்ள ஒரு ஷாப்பிங் டிராலி வருஷா வருஷம் வெளிய வரும். அது சக்கரம் வரைக்கும் தெரிஞ்சதுக்கு அப்புறம் தான் நான் சவல கராஜ்ல உள்ள வைப்பேன்.